சின்னத்தம்பியருக்கு நான் ஊற்றிய தண்ணீர்

1. வெள்ளிக்கிழமை காலை பத்தேகால்

1961 மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, மாட்டு வண்டிலில் ஒரு முதியவரைக் கொண்டுவந்து எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்கள். நேரத்தை நான் ஊகித்து எழுதவில்லை. அன்றன்று நடந்ததை ஒரு கொப்பியில் நேரத்தோடு குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு இளம் வயதிலேயே வந்துவிட்டது. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இந்தக் குறிப்பை அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சிக்குப் போகும் வழியில் இருந்த சிறிய அரசாங்க ஆஸ்பத்திரி அது. நான் அங்கே அப்போதிக்கரி. மருந்து கலப்பது, காயம் கட்டுவது, ஊசி போடுவது, வார்டு பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. டொக்டர் வவுனியாவிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். ஆண்கள் வார்டில் பத்துக் கட்டில்கள். அங்கே அற்றென்டனாக இருந்தவன் சவிரிமுத்து. முல்லைத்தீவுப் பக்கத்தவன். தகப்பன் பனை ஏறும் சீவல் தொழிலாளி. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம்; வார்டில் யார் கூப்பிட்டாலும் முதலில் போய் நிற்பவன் அவன்தான்.

வந்தவர் பெயர் சின்னத்தம்பியர். எழுபத்திரண்டு வயது. குடாநாட்டிலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் காணி பெற்று, காடு வெட்டி வயலாக்கியவர். ஐந்து வருடமாக நடுக்குவாதம். வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஓயாமல் சுருட்டு உருட்டுவதுபோல உருண்டுகொண்டிருந்தன. முகத்தில் அசைவு இல்லை. குரல் மெலிந்து, காதைக் கிட்ட வைத்தால்தான் கேட்கும். கூட வந்தவர் மகள் பவளமக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். தாய் இறந்த பிறகு தகப்பனோடு தனியே இருந்தவர்.

வண்டிலிலிருந்து தூக்கச் சவிரிமுத்து கையை நீட்டினான்.

"நீ விடு," என்றார் கிழவர். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார்.

சொன்னேன். தகப்பன் பெயரைக் கேட்டார். அதையும் சொன்னேன்.

"அப்ப எங்கடை ஆள்," என்றார். அசையாத அந்த முகத்தில் வாயோரம் கொஞ்சம் நெகிழ்ந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தப் பிடித்தமும் ஒரு காரணம்.

"தூக்கிறதுக்கு நான், கதைக்கிறதுக்கு நீங்கள். நல்ல பங்கீடு ஐயா," என்று சவிரிமுத்து என் காதோடு சொல்லிவிட்டு, கிழவர் விடச் சொன்னதைக் கேட்காதவன்போல அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

கட்டிலில் இருத்தியதும் ஆஸ்பத்திரித் தேத்தண்ணி எனாமல் கோப்பையில் வந்தது. கிழவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"உதிலை ஆர் ஆர் வாய் வைச்சதோ," என்றார்.

பவளமக்கா பையிலிருந்து ஒரு மூக்குப்பேணியை எடுத்தார். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: பித்தளைப் பேணி, ஒரு பக்கத்தில் மூக்குப்போல நீண்ட சிறு குழாய். அதை யாரும் உதட்டில் வைப்பதில்லை. தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து, மேலேயிருந்து நூல்போல ஊற்றிக் குடிப்பார்கள். எச்சில் படாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

அவருடைய கை நடுங்குவதால் மகள் ஊற்றினார். மூன்றாவது வாயில் புரைக்கேறியது. கண்கள் பிதுங்கின. முகம் கறுத்தது. சவிரிமுத்து பாய்ந்து அவரை முன்னால் குனியவைத்து முதுகில் தட்டினான். மூச்சு ஒழுங்காக ஆறு நிமிடம் ஆனது.

"வீட்டிலையும் இப்பிடித்தான் ஐயா," என்றார் பவளமக்கா. அவருடைய கையிலிருந்த பேணி இப்போது அப்பனின் கையைவிட அதிகமாக நடுங்கியது. "மூண்டு மாசமா. சோறு இறங்குது, தண்ணிதான் ஏலாது. ஒவ்வொருக்காலும் இண்டைக்கோ, நாளைக்கோ எண்டு பாத்துக்கொண்டுதான் வாக்கிறன். எனக்கு அப்புவை விட்டா ஆரும் இல்லை."

2. என் சிகிச்சை

சோறு இறங்குகிறது, தண்ணீர் இறங்கவில்லை என்று அந்தப் பெண் முதல் நாளே சொல்லிவிட்டார். கொப்பியில் அதை அப்படியே எழுதியும் வைத்திருக்கிறேன். எழுதியவனுக்கு விளங்கவில்லை.

விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்குக் கட்டியான உணவு ஆபத்து, நீர் உணவு பத்திரம் என்று நான் எண்ணினேன். அவருடைய டிக்கெட்டில், அதாவது கட்டில் தலைமாட்டில் தொங்கும் நோயாளர் அட்டையில், 'ரைஸ் டயட்' என்பதை வெட்டி 'மில்க் டயட்' என்று எழுதினேன். பால், பார்லித் தண்ணீர், கஞ்சித் தெளிவு. எல்லாம் தண்ணீராக.

நடுக்கத்துக்குப் பெலடோனா மிக்ஷர் கலந்து கொடுத்தேன். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது அதுதான். விரல் கொஞ்சம் அடங்கியது. ஆனால் அந்த மருந்து வாயை வறளவைக்கும். கிழவருக்கு நாள் முழுவதும் தாகம். ஒரு கையால் நான் தாகத்தைக் கொடுத்து, மறு கையால் தண்ணீரைக் கொடுத்தேன்.

மகளின் கை பயத்தில் நடுங்கி அளவு தவறுகிறது என்று நினைத்து, ஊற்றும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். படுத்த நோயாளிகளுக்கு நாங்கள் பாவிக்கும் ஃபீடிங் கப்பிலும் மூக்கு இருக்கிறது. மூக்குப்பேணியும் அதுபோலத்தானே என்பது என் நியாயம். ஃபீடிங் கப்பின் மூக்கு உதட்டுக்குள் போகும், தலை அண்ணாக்க வேண்டியதில்லை என்ற வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியவில்லை.

"உன்ரை கையெண்டாக் குடிப்பன் தம்பி," என்பார் சின்னத்தம்பியர். "நீ பக்குவமா வாக்கிறாய்."

பகிடியும் விடுவார். உருளும் விரல்களைக் காட்டி, "ஐம்பது வரியம் விதைச்ச கை. போதுமெண்டு ஆரும் சொல்லேல்லை. அதுதான் இன்னும் விதைக்குது," என்பார்.

நான் பக்குவமாகத்தான் ஊற்றினேன். அவர் பக்குவமாகத்தான் இருமினார். ஐந்தாம் நாள் காய்ச்சல் தொடங்கியது. ஸ்டெதஸ்கோப்பை வலப்பக்க முதுகின் அடியில் வைத்தபோது, காய்ந்த இலையைக் கசக்கும் சத்தம் கேட்டது.

எட்டாம் நாள் டொக்டர் வந்தார். கிழவரைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"தொண்டைத் தசைக்கும் அதே வருத்தம்தான். கை நடுங்கிற மாதிரி அதுவும் நேரத்துக்கு வேலை செய்யாது. குடிக்கிறதிலை கொஞ்சம் நெஞ்சுக்குள்ளை போகுது. ஆறுதலாக் குடுங்கோ."

"மாத்த ஏலாதோ டொக்டர்?"

"வருத்தத்தை ஏலாது. இது ஒரு பக்கம் போற ரோட்டு." சைக்கிளில் வந்த ஒருவரின் காலைப் பார்க்க அவர் போய்விட்டார். அன்று அவருக்கு இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

3. சவிரிமுத்து சொன்னது

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை காலை, மருந்து மேசைக்குச் சவிரிமுத்து வந்தான். வழக்கமான சிரிப்பு இல்லை.

"ஐயா, ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லு."

"காலமை அப்புவுக்கு முகம் கழுவத் தண்ணி வாத்தனான். குனிஞ்சு கையை ஏந்தினவர். கை ஆடுது, தண்ணி முழுக்கச் சிந்துது. ஆனா கையிலை மிஞ்சினதை முகத்திலை பூசாமல் வாயிலை வைச்சு உறிஞ்சிப் போட்டார். தாகம் பாவம். நான் பாக்காத மாதிரி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு திரும்ப வாத்தனான். மூண்டு வாய் குடிச்சவர். ஒரு இருமல் இல்லை."

"தற்செயலா இருக்கும்."

"நேற்றும் அப்பிடித்தான் ஐயா. முந்தநாளும்." மேசைக்கு இன்னும் கிட்ட வந்தான். "கோவியாதேங்கோ. உங்கடை வீட்டுக் கிணத்தடியிலை எங்கடை ஆக்களுக்கு எப்பிடித் தண்ணி வாக்கிறவை? குனிஞ்சு, கையை ஏந்தித்தானே குடிக்கவேணும். என்ரை அப்பன் சாகுமட்டும் அப்பிடித்தான் குடிச்சவர். அவருக்கும் கைநடுக்கம் இருந்தது. ஒருநாளும் புரைக்கேறேல்லை. அந்த மனிசனுக்கு மூக்குப்பேணி நீட்ட ஊரிலை ஒருத்தரும் இல்லாமல் போனது நல்லதாப் போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது பிழை என்பதால் அல்ல. எங்கள் கிணற்றடியில் பத்து வயதில் நானே ஊற்றியிருக்கிறேன். குனிந்த தலைகளின் உச்சி எனக்கு நினைவிருக்கிறது. முகங்கள் நினைவில் இல்லை.

"உன்ரை வேலையைப் பார்," என்றேன்.

"பாக்கிறன். அதாலைதான் கண்டனான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் மத்தியானம் மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு, என் தொண்டையில் விரலை வைத்து, அண்ணாந்தும் குனிந்தும் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். பயிற்சிக் காலத்தில் வாங்கிய உடற்கூற்றுப் புத்தகத்தில் கழுத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று உண்டு. மூச்சுக் குழாய் முன்னால், உணவுக் குழாய் பின்னால். தலையை அண்ணாந்தால் மூச்சுக் குழாயின் வாசல் திறந்துகொண்டு நிற்கிறது. தண்ணீர் நினைத்ததைவிட வேகமாக அங்கே விழுகிறது. சுகதேகிக்கு அது பிரச்சினை இல்லை. தசை நேரத்துக்கு மூடிக்கொள்ளும். சின்னத்தம்பியரின் தசை பிந்தியது. நாடியை, அதாவது மோவாயை, நெஞ்சோடு தாழ்த்தினால் வாசல் ஒடுங்குகிறது. தண்ணீர் வாயில் தங்கி, மெதுவாக, பின்னால் போகிறது. தடித்த கஞ்சி என்றால் இன்னும் மெதுவாக.

அந்தப் புத்தகம் ஏழு வருடமாக என்னிடம் இருந்தது.

4. மறைப்புக்குப் பின்னால்

பதினோராம் நாள், திங்கட்கிழமை. பவளமக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் உடனே சம்மதித்தார். சின்னத்தம்பியர் சம்மதிக்கவில்லை.

"நான் கையேந்திக் குடிக்கிறதோ?" என்றார். அந்த மெலிந்த குரல் அவ்வளவு தூரம் எழும்பும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"உங்கடை கையை ஏந்த வேண்டாம் அப்பு," என்றார் மகள். "என்ரை கையிலை குடியுங்கோ. நான் பெத்த பிள்ளைதானே. என்ரை எச்சிலும் உங்கடை எச்சிலும் ஒண்டுதானே."

கோப்பையில் வாய் வைத்துக் கீழே குனிந்து குடிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டோம். கோப்பை என்றால் பேச்சுக்கே இடமில்லை. மகளின் கை என்றதும்தான் கொஞ்சம் இளகினார். ஒரு நிபந்தனை வைத்தார்: யாரும் பார்க்கக் கூடாது.

நான் துணி மறைப்பைக் கொண்டுவந்து கட்டிலைச் சுற்றி வைத்தேன். அது மரியாதை என்று அப்போது நினைத்தேன். நன்மையான ஒரு காரியத்தை வெட்கப்படவேண்டிய காரியம் என்று அவருக்கு நானே உறுதிப்படுத்திய செயல் அது.

அவரை நிமிர்த்தி இருத்தி, காலைத் தரையில் வைத்தோம். பவளமக்கா கீழே பாயில் இருந்தபடி இரண்டு கைகளையும் குழித்து அவருடைய நெஞ்சுக்குக் கீழே பிடித்தார். தடித்த அரிசிக் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கைகளில் விட்டேன். கிழவர் தலையைத் தாழ்த்தி, மகளின் உள்ளங்கையில் வாயை வைத்தார்.

பதினொரு வாய். எண்ணினேன். இருமல் இல்லை.

வாயைத் துடைத்துவிட்டபோது, "உன்ரை கையிலை உள்ளி மணக்குது," என்றார் மகளிடம்.

பவளமக்கா சிரித்தார். அந்தப் பத்து நாளில் அவர் சிரித்து நான் கண்டதில்லை. பிறகு மறைப்புக்கு வெளியே வந்து சுவரோடு நின்று அழுதார். சவிரிமுத்து அந்தப் பக்கமாகத் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தவன், தும்புத்தடியைச் சாத்திவிட்டு வேறு பக்கம் போனான்.

ஆறு நாள் இப்படியே போனது. பதின்மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பெலடோனாவைப் பாதியாகக் குறைத்தேன். பதினைந்தாம் நாள் குழைத்த சோறு தின்றார். வயலில் வெட்டு முடிந்து, நெற்கதிரைக் குவித்துச் சூடு வைத்திருந்தார்கள்; அதை மிதித்து நெல் பிரிக்கும் சூடடிப்பைப் பார்க்க வேண்டும் என்றார். திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டிக்கெட்டில் எழுதினேன். பவளமக்கா வண்டிலுக்குச் சொல்லிவிட்டார்.

"நாடியைக் கீழை வைச்சு, ஆறுதலா, கொஞ்சம் கொஞ்சமா. உங்களுக்கு இனி நான் சொல்லத் தேவையில்லை," என்றேன்.

"எவ்வளவு காலத்துக்கு ஐயா?"

"இருக்கிற காலத்துக்கு."

"அது போதும்," என்றார்.

5. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்

பதினேழாம் நாள். ஞாயிறு. நோயாளர் பார்க்கும் நேரம் இரண்டிலிருந்து நான்கு.

மூன்று பத்துக்குச் சின்னத்தம்பியரின் தமக்கை புருஷன் குடாநாட்டிலிருந்து வந்தார். கூட இரண்டு ஆண்கள். அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூடச் சட்டம்பியார். எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவரும் அவர்தான். வாசலில் என்னைக் கண்டதும் தோளில் தட்டி, "நீதானோ இஞ்சை பெரியாள்?" என்றார். அந்த ஒரு தட்டில் நான் மறுபடியும் நிலத்தில் இருந்தபடி மணலில் எழுதும் பிள்ளையாகிவிட்டேன்.

மறைப்புக்குப் பின்னால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். நில்லுங்கோ என்று சொல்லவில்லை. சட்டம்பியார் மறைப்பை விலக்கினார்.

குனிந்த தலை. ஏந்திய கைகள். உள்ளங்கையில் கஞ்சி.

சட்டம்பியார் மறைப்புத் துணியைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "சின்னத்தம்பி," என்றார். "இது என்ன குடி? ஆர் குடிக்கிற குடி இது?"

கிழவர் தலையை நிமிர்த்தினார். தாடியில் கஞ்சி வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினார். கை அவருடைய சொல் கேட்கவில்லை.

"மாமா, அப்புவுக்குப் புரைக்கேறுறது," என்று பவளமக்கா தொடங்கினார்.

"அதுக்காக? எங்களுக்குக் குடிமை செய்யிற ஆக்களுக்கு வாக்கிற மாதிரியோ வாக்கிறது? இவ்வளவு ஆக்கள் கிடக்கிற இடத்திலை? பேணி எங்கை?"

பேணி அலுமாரிக்கு மேலே இருந்தது. துலக்கி வைத்திருந்தார்கள்.

"அத்தான், பேணியிலையே தாங்கோ," என்றார் சின்னத்தம்பியர். அவருடைய கண்கள் யாரையும் பார்க்கவில்லை.

சட்டம்பியார் பேணியை எடுத்து, கூசா என்னும் மண்குடுவையிலிருந்து தண்ணீர் விட்டு, என்னிடம் நீட்டினார். "தம்பி, உனக்குத்தான் பக்குவம் தெரியும் எண்டு இவன் எனக்குக் கடிதத்திலை எழுதுவிச்சவன். நீ குடு."

வார்டின் மற்றப் பக்கத்திலிருந்து சவிரிமுத்து, "ஐயா, வேண்டாம்," என்றான்.

சட்டம்பியார் திரும்பிப் பார்த்தார். "நீ ஆர் வேண்டாமெண்டு சொல்ல?"

அந்தக் கேள்விக்கு வார்டில் ஒரு ஆள்தான் பதில் சொல்லியிருக்க முடியும். 'அவன் சொல்லுறது சரி. இது வைத்தியம். நான்தான் சொல்லிச் செய்யிறது.' மூன்று சிறிய வசனம். புத்தகப் படமும் என் அறையில் இருந்தது. ஆனால் சொல்ல நின்ற நேரத்தில், இவனோடு சேர்ந்து எங்கள் ஆளைக் குனியவைத்தவன் என்று ஊரில் கதைப்பார்கள் என்பதுதான் என் தலைக்குள் ஓடியது. ஒரே ஒரு தரம்தானே, கொஞ்சமாக ஊற்றினால் போகிறது என்றும் நினைத்தேன்.

பவளமக்கா என்னைப் பார்த்தார். நான் பேணியை வாங்கினேன். சின்னத்தம்பியர் அண்ணாந்து வாயைத் திறந்தார். ஊற்றினேன்.

முதலாவது வாய் போனது. இரண்டாவதில் தொண்டை ஏறி இறங்கவில்லை. தண்ணீர் வாயின் அடியில் குளம்போல நின்றதைக் கண்டேன். கையை நிறுத்துவதற்குள் அது ஒரேயடியாக உள்ளே போனது. இருமல்கூட வரவில்லை. அந்த வருத்தம் முற்றும்போது இருமலும் பலவீனப்பட்டுவிடும். வாய் திறந்தபடி, சத்தமில்லாமல், முகம் நீலமானது.

சவிரிமுத்துதான் முதலில் வந்தான். கட்டிலின் குறுக்கே அவரைக் குப்புறப் போட்டுத் தலையைத் தாழ்த்தினான். நான் றப்பர்க் குழாயை விட்டு ஊசிக் குழலால் இழுத்தேன். தண்ணீரும் கஞ்சியும் வந்தன. நான்கு நிமிடத்தில் மூச்சுத் திரும்பியது. வந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சட்டம்பியார் கெட்ட மனிதர் அல்ல. மைத்துனன்மேல் பாசம் உள்ளவர்.

6. மூன்று நாள்

அன்று மாலை ஆறு மணிக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. பெனிசிலின் தொடங்கினேன். இரண்டு பக்க நுரையீரலிலும் சத்தம்.

திங்கள் காலை வண்டில் வந்தது. வண்டில்காரர் அரை மணி நேரம் மர நிழலில் நின்றுவிட்டு வெறுமையாகத் திரும்பிப் போனார்.

பவளமக்கா கைகளை ஏந்திக்கொண்டு தகப்பனுக்கு முன்னால் இருந்தார். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"அப்பு, இப்ப ஒருத்தரும் இல்லை. ஒரு வாய்."

"அத்தான் பாத்தவர்," என்றார்.

"மாமா ஊருக்குப் போட்டார் அப்பு."

"ஊருக்குத்தானே போனவர்," என்றார். பிறகு வாய் திறக்கவில்லை.

நான் சொன்னேன். கெஞ்சினேன். இது வைத்தியம், இதில் குறைவு ஒன்றும் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்க வேண்டிய வசனங்கள் எல்லாவற்றையும் திங்களும் செவ்வாயும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நம்பாத ஒன்றை அவரை நம்பச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆட்கள் முன்னால் என் கை எதை எடுத்தது என்று பார்த்தவர் அவர்.

நனைத்த துணியால் உதட்டைத் துடைத்துவிட்டோம். தொடையில் ஊசி வழியே உப்புநீர் ஏற்றினேன். விரல்கள் மட்டும் நிற்காமல் உருண்டுகொண்டிருந்தன. இருபதாம் நாள், புதன்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு அவையும் நின்றன.

பவளமக்கா அழவில்லை. சீலைத் தலைப்பால் தகப்பனின் தாடியைத் துடைத்தார். பிறகு என்னிடம் வந்தார். அவருடைய குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மாமா வாத்திருந்தா நான் பறிச்சிருப்பன் ஐயா. நீங்கள் வாங்கின படியால்தான் பேசாமல் நிண்டனான். உங்களுக்குத் தெரியாததோ எண்டு."

செத்தவீட்டுக்குப் போனேன். சட்டம்பியார் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம் சொன்னார்: "இந்தப் பிள்ளை கடைசி மட்டும் அவனை மரியாதையா வைச்சிருந்தவன்."

நான் தலையாட்டினேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

7. பிறகு

புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பாரிசவாதம், நடுக்குவாதம், நெடுநாள் படுக்கை, எதுவாயினும் முதியவர் தண்ணீருக்கு இருமினால் கவனியுங்கள். நிமிர்த்தி இருத்துங்கள். நாடியைக் கீழே விடச் சொல்லுங்கள். தெளிந்த நீரைவிடத் தடித்த கஞ்சி நல்லது. ஒரு வாய் இறங்கிய பிறகுதான் மறு வாய். சத்தமில்லாமல் புரைக்கேறுவதுதான் அதிகம் ஆபத்தானது. வருத்தத்தை இவை மாற்றாது. சின்னத்தம்பியருக்கும் நெடுங்காலம் கிடைத்திருக்காது. ஒரு சூடடிப்பைப் பார்க்கக் கிடைத்திருக்கும்.

எல்லாருக்கும் தெரியும்படி டிக்கெட்டில் எழுதித் தொங்கவிடுங்கள். மறைப்புக்குப் பின்னால் செய்யாதீர்கள். பார்க்க வரும் உறவினரிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் உங்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்தவராக இருந்தாலும். பிறகு வேலை செய்த எல்லா ஊரிலும் நான் இதைச் செய்தேன். கேட்டவர்களும் உண்டு, என் முன்னால் தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்ப் பேணியை எடுத்தவர்களும் உண்டு.

அங்கிருந்து மாற்றலாகிப் போகும் நாளில் சவிரிமுத்துவிடம், "நீ அண்டைக்குச் சொன்னது சரி," என்றேன்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் ஐயா," என்றான். "இதை நீங்கள் என்னட்டைச் சொல்லி என்ன?" என் பெட்டியைத் தூக்கி லொறியில் வைத்தான்.

இந்தக் குறிப்பை எழுதக் கொப்பியைத் திறந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பார்த்தேன். மூன்று இருபது என்று நேரம் இருக்கிறது. 'பேணியில் தண்ணீர் கொடுக்கப்பட்டது. புரைக்கேறியது' என்று இருக்கிறது. முப்பது வருடக் கொப்பிகளில், எந்தக் காயத்தை யார் கட்டினார், எந்த ஊசியை யார் போட்டார் என்று பெயர் எழுதாத பக்கம் இல்லை. அந்த வரியில் மட்டும் பெயர் இல்லை.

நேற்றுப் பேனாவை எடுத்து அதில் என் பெயரை எழுதினேன். பழைய மையும் புதிய மையும் ஒட்டவில்லை. பார்க்கிற எவருக்கும் பிந்தி எழுதியது என்று தெரியும்.